சுயேச்சைக்கு 5,000, கட்சிக்கு 1,500: தேர்தல் ஆணைக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தவிசாளர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,
தேர்தல் ஆணைக்குழு,
சரண மாவத்தை, இராஜகிரிய.

பிரதி: கொழும்பு மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு.

வணக்கம்.

உள்ளூராட்சி சபைத் தேர்தலில் அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளர் ஒருவருக்குக் கட்டுப்பணம், அதாவது தேர்தலில் நிற்பதற்குக் கட்டும் வைப்புப் பணம், 1,500 ரூபா. சுயேச்சைக் குழுவின் வேட்பாளர் ஒருவருக்கு 5,000 ரூபா. நிற்பது ஒரே வட்டாரத்தில், அச்சாவது ஒரே வாக்குச்சீட்டில், வென்றால் உட்காருவது ஒரே சபையில். காசு மட்டும் மூன்று மடங்குக்கு மேல். இந்த வித்தியாசத்துக்கு என்ன காரணம் என்று எங்களைப் போன்ற சாதாரண வாக்காளருக்கு இதுவரை யாரும் விளங்கப்படுத்தவில்லை. கணக்கு எழுதிப் பிழைப்பவன் நான். காரணமில்லாமல் ஒரு தொகை ஒரு பக்கம் கூடி நின்றால் பேனையை வைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போக எனக்கு வராது.

சட்டம் இயற்றுவது பாராளுமன்றம், நீங்கள் அதை நடத்துகிறவர்கள் என்பது தெரியும். ஆனாலும் தேர்தல் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் முதலில் கேட்கப்படுவது உங்கள் அபிப்பிராயம்தான். 2024 ஜனாதிபதித் தேர்தலுக்கு முன்னர் அந்தத் தேர்தலின் கட்டுப்பணத்தை உயர்த்தும் யோசனை ஒன்று அமைச்சரவை வரை போனது. கட்சி வேட்பாளருக்கு இருந்த 50,000 ரூபாவை 26 இலட்சமாகவும், சுயேச்சைக்கு இருந்த 75,000 ரூபாவை 31 இலட்சமாகவும் ஆக்குவது அதன் நோக்கம். தேர்தலுக்கு முன் அது சட்டமாகவில்லை, பழைய தொகையோடுதான் தேர்தல் நடந்தது. ஆனால் அந்தக் கோவை குப்பைக் கூடைக்குப் போயிருக்கும் என்று நான் நம்பவில்லை. மேல் மாகாணத்து மக்களாகிய நாங்கள் மாகாண சபைக்குக் கடைசியாக வாக்களித்தது 2014 மார்ச்சில். அந்தத் தேர்தல் என்றைக்காவது வரத்தான் வேண்டும். அது வரும்போது சட்டப் புத்தகங்கள் மேசைக்கு வரும், கட்டுப்பணக் கணக்கும் கூடவே வரும். அதற்கு முன் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

உயர்த்த வேண்டும் என்று சொல்கிறவர்களின் எரிச்சல் நியாயமானது. 1982இல் நடந்த முதல் ஜனாதிபதித் தேர்தலில் ஆறு பேர் நின்றார்கள். 2019இல் 35 பேர். 2024இல் வேட்புமனு ஏற்கப்பட்டவர்கள் 39 பேர், அதில் ஒருவர் வாக்களிப்புக்கு முன் காலமானார். வாக்குச்சீட்டு இரண்டு அடிக்கு மேல் நீண்டு போனது. மடித்துப் பெட்டிக்குள் போடுவதற்கே வயதானவர்கள் பட்ட பாட்டை எங்கள் வாக்களிப்பு நிலையத்தில் வரிசையில் நின்ற எல்லோரும் பார்த்தோம். 38 பேரில் மூவர் மட்டுமே 10 வீதத்தைத் தாண்டினார்கள். மற்றவர்களில் ஒருவர்கூட 3 வீதத்தைத் தொடவில்லை. நிராகரிக்கப்பட்ட வாக்குகள் 3 இலட்சத்துக்கும் மேல். இதில் பலர் வெல்வதற்காக நிற்கவில்லை என்பது ஊருக்கே தெரியும். வேறொருவருக்காக நிற்பார்கள், அரச வானொலியிலும் தொலைக்காட்சியிலும் தங்களுக்குக் கிடைக்கும் நேரத்தில் அவருக்காகவே பேசுவார்கள், வாக்கெண்ணும் இடத்தில் தங்கள் பெயரில் அவருடைய ஆட்களை முகவர்களாக உட்கார வைப்பார்கள். எங்கள் பக்கத்துத் தேநீர்க் கடையில் இவர்களுக்கு 'டம்மி' என்றுதான் பெயர். இந்த விளையாட்டுக்கு அரசாங்கம் கடதாசியும் மையும் செலவழிக்க வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். 1981இல் சட்டத்தில் எழுதிய 50,000 ரூபாவுக்கு இன்றைக்கு என்ன பெறுமதி என்று கேட்டாலும் என்னிடம் மறுப்பு இல்லை.

ஆனால் கட்டுப்பணத்தை உயர்த்தினால் டம்மிகள் போய்விடுவார்களா? உங்கள் சொந்தக் கணக்கையே எடுத்துப் பார்க்கலாம். 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டத்தின் கீழ், 2024 ஜனாதிபதித் தேர்தலில் ஒரு வாக்காளருக்கு 109 ரூபா என்று நீங்கள் வரையறுத்தீர்கள். பதிவான வாக்காளர்கள் 17,140,354 பேர். பெருக்கினால் ஒரு வேட்பாளர் செலவழிக்கக்கூடிய உச்சத் தொகை 1,868,298,586 ரூபா, அதாவது ஏறக்குறைய 187 கோடி. யோசனையில் இருந்த 31 இலட்சம் இதில் அறுநூற்றில் ஒரு பங்குகூட இல்லை. 187 கோடி வரை செலவழிக்கத் தயாராக இருக்கும் ஒருவருக்கு, தனக்காக நாலு டம்மியை நிறுத்த ஒரு கோடியே 24 இலட்சம் கட்டுவது பெரிய விடயமா? இரண்டு கட்அவுட்டைக் குறைத்தால் காசு வந்துவிடும். நின்றுபோகிறவர் வேறு ஆள். பின்னால் பணக்காரர் யாரும் இல்லாதவர், வெல்ல முடியாது என்று தெரிந்தும் ஏதோ ஒரு கோரிக்கையை நாடு முழுக்கச் சொல்ல வேண்டும் என்பதற்காக நிற்க நினைத்தவர், அவர்தான் வீட்டில் இருந்துவிடுவார்.

ஜனாதிபதித் தேர்தலைப் பொறுத்தவரை சாதாரணக் குடிமகன் காசு கட்டும் மேசைக்குக் கிட்டப் போவதற்கே வழியில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அரசியலமைப்பின் 31ஆம் உறுப்புரைப்படி, அங்கீகரிக்கப்பட்ட கட்சி ஒன்று நிறுத்தாவிட்டால், பாராளுமன்ற உறுப்பினராக இருப்பவரோ முன்னர் இருந்தவரோ மட்டுமே போட்டியிடலாம். 2024இல் தமிழ்ப் பொது வேட்பாளராகச் சங்குச் சின்னத்தில் நின்று 226,343 வாக்குகள் பெற்ற பா. அரியநேத்திரன் சுயேச்சையாக மனுத் தாக்கல் செய்ய முடிந்தது, அவர் முன்னர் மட்டக்களப்பு மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினராக இருந்ததால்தான். அவருடைய இடத்தில் ஒரு பேராசிரியரையோ, மீனவர் சங்கத் தலைவரையோ, காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடும் தாய் ஒருவரையோ நிறுத்த விரும்பியிருந்தால், முதலில் ஏதாவது ஒரு கட்சியின் வாசலில் போய் நின்றிருக்க வேண்டும். 75,000 ரூபாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாலும் சட்டம் விடாது. ஆக, அந்த 39 பேரும் சட்டத்தின் சல்லடையில் ஏற்கனவே ஒருமுறை சலிக்கப்பட்டவர்கள். டம்மிகள் எல்லோரும் அந்தச் சல்லடையைத் தாண்டி வந்தவர்கள்: ஒன்று முன்னாள் எம்.பி., அல்லது அங்கீகரிக்கப்பட்ட கட்சியொன்றின் சின்னத்தில் வந்தவர். கட்சிப் பெயர்களே கைமாறுகின்றன என்று பேச்சு அடிபடும் நாட்டில், கட்சி என்றால் குறைந்த கட்டணம், சுயேச்சை என்றால் கூடிய கட்டணம் என்ற ஏற்பாடு யாரைத் தடுக்க என்று எனக்கு விளங்கவில்லை.

பாராளுமன்றத் தேர்தலில் இந்த வேறுபாடு இன்னும் வெளிப்படையாகத் தெரியும். அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள் ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. சுயேச்சைக் குழு வேட்பாளர் ஒருவருக்கு 2,000 ரூபா. தொகை சின்னதுதான். ஆனால் வாக்கு விகிதப்படி ஆசனம் பிரிக்கும் விகிதாசார முறை வந்த பிறகு 'நான் ஒரு தனி ஆள், சுயேச்சையாக நிற்கிறேன்' என்று யாரும் போய்ச் சொல்ல முடியாது. மாவட்டத்தின் ஆசன எண்ணிக்கையோடு மூன்றைக் கூட்டி, அத்தனை பேரையும் ஒரே பட்டியலில் காட்ட வேண்டும். 2024இல் கொழும்பு மாவட்டத்துக்கு 18 ஆசனம், ஆகவே 21 பேர், ஆகவே 42,000 ரூபா. எங்கள் தெருவில் எல்லோரும் மதிக்கும் ஓர் ஆசிரியை நிற்க விரும்பினால், தன்னோடு சேர்ந்து பெயர் கொடுக்க இன்னும் 20 பேரைத் தேட வேண்டும். அந்த 20 பேரில் யார் மீது என்ன வழக்கு இருக்கிறது, யார் நாளைக்கு யாருக்கு விலைபோவார் என்பதெல்லாம் அவர் தலையில் விழும். என்னைக் கேட்டால், பாராளுமன்றத் தேர்தலில் 2,000 ரூபாவைவிட அந்த 20 பேர்தான் பெரிய தடை.

அப்படியிருந்தும் கூட்டம் குறைந்ததா? யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் 2024இல் ஆறு ஆசனத்துக்கு 44 பட்டியல்கள், 396 வேட்பாளர்கள். காசு கட்டாத கட்சிகளும் காசு கட்டிய சுயேச்சைகளும் ஏறக்குறையச் சரிபாதி. அந்தக் கூட்டத்துக்குள்ளிருந்து 17ஆம் இலக்கச் சுயேச்சைக் குழு ஓர் ஆசனத்தை எடுத்தது. அந்த உறுப்பினரைப் பற்றி யாருக்கு என்ன அபிப்பிராயம் இருந்தாலும், வாக்காளர் நினைத்தால் கட்சி இல்லாத ஒருவரையும் பாராளுமன்றத்துக்கு அனுப்புவார்கள் என்பது அதில் தெரிந்தது. அந்தக் கதவைக் காசால் மூடினால் இழப்பு யாருக்கு என்று யோசிக்க வேண்டும்.

இனி உள்ளூராட்சிக்கு வருகிறேன். நான் கிட்ட இருந்து பார்த்தது அதைத்தான்.

2025 மார்ச்சில் கட்டுப்பணம் ஏற்ற நாட்களில், புளூமெண்டல் வீதிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் சுயேச்சைக் குழு ஒன்றுக்குப் பட்டியல் தயாரித்தார்கள். கணக்கு எழுதத் தெரிந்தவன் என்று என்னையும் கூப்பிட்டார்கள். கொழும்புக்கு வெளியே வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: தோட்டம் என்றால் இங்கே தேயிலைத் தோட்டம் கிடையாது, ஒரு சுவருக்கு இரண்டு பக்கமும் வீடாக நெருங்கிக் கிடக்கும் குடியிருப்பு. அந்தக் குழுவின் பலம் பெண்கள்தான். மழை பெய்தால் கழிவுநீர் எந்த வீட்டுக்குள் முதலில் வரும், எந்தத் தெருவிளக்கு எத்தனை மாதமாக எரியவில்லை, குப்பை வண்டி எந்தச் சந்தியோடு திரும்பிப் போகிறது, எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. மாநகர சபைக்கு வேறென்ன தகுதி வேண்டும்?

பெயர் எழுத ஒரு கொப்பி, காசு எழுத ஒரு கொப்பி. பெயர்க் கொப்பி அன்றைக்கே நிறைந்துவிட்டது. காசுக் கொப்பி நிறையவில்லை. காலையில் இடியப்பம் அவித்து விற்கும் ஓர் அக்கா, தன்னுடைய சீட்டு முறை அடுத்த மாதம்தான் வருகிறது, யாராவது மாறித் தந்தால் 5,000 தருவேன் என்றார். மாறிக் கொடுக்க ஆள் இருக்கவில்லை. வெள்ளவத்தை அடுக்குமாடி வீடுகளில் துப்புரவு வேலை செய்யும் இன்னொருவர், கைத்துண்டில் முடிந்து கொண்டுவந்த காசை என் முன்னால் எண்ணி வைத்தார், அதில் இருபது ரூபாத் தாளும் இருந்தது. கூட வந்த அவருடைய கணவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "தம்பி, இந்தக் காசு திரும்பி வருமா?" போதிய வாக்கு எடுத்தால் வரும் என்றேன். அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார், மனைவி காசை எடுத்துத் திரும்ப முடிந்துகொண்டார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வீட்டுக் கணக்குப் பார்க்கும் எந்த மனிதனும் அதைத்தான் செய்வான். காசு மட்டும் என்றாலும் பரவாயில்லை. பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியை உறுதிப்படுத்த வேண்டும், சத்தியக் கடதாசிக்குச் சமாதான நீதவானைத் தேட வேண்டும், போட்டோப் பிரதி, முச்சக்கர வண்டிக் காசு, அன்றைய நாள் சம்பளமும் இல்லை.

பட்டியலில் குறித்த எண்ணிக்கை இல்லாவிட்டால் பட்டியலையே ஏற்க மாட்டார்கள். கொழும்பு மாநகர சபை சின்னச் சபையும் கிடையாது, 2025இல் அதற்கு வந்த உறுப்பினர்கள் 117 பேர். நூறு பெயர் என்று வைத்தாலும் சுயேச்சைக் குழுவுக்கு 5 இலட்சம், கட்சிக்கு ஒன்றரை இலட்சம். இந்த நிலையில்தான் வழக்கமாக ஒருவர் வருவார். அன்றைக்கும் வந்தார், வசதியான வியாபாரி ஒருவர். மிச்சக் காசை முழுவதும் தான் கட்டுவதாகச் சொன்னார். குரல் உயர்த்தவில்லை, மரியாதையாகத்தான் பேசினார். ஒரேயொரு நிபந்தனை: குழுத் தலைவராகத் தன்னுடைய ஆளைப் போட வேண்டும்.

அந்த நிபந்தனையின் கனம் அங்கே இருந்த பெண்கள் பலருக்கு விளங்கவில்லை. உங்களுக்கு விளங்கும். கலப்பு முறையில் 60 வீதமான உறுப்பினர்கள் வட்டாரங்களில் நேரடியாக வெல்கிறார்கள், 40 வீதம் கிடைத்த வாக்குகளின் விகிதப்படி பட்டியலில் இருந்து வருகிறார்கள். அந்தப் பட்டியலில் யார் உள்ளே போவது என்பதை வாக்காளர் தீர்மானிப்பதில்லை. தேர்தல் முடிந்த பிறகு, கட்சியென்றால் செயலாளரும் சுயேச்சையென்றால் குழுத் தலைவரும் பெயர் கொடுக்கிறார்கள். ஆக, கட்டுப்பணத்தைக் கட்டியவர் தலைவரை வைத்திருக்கிறார், தலைவர் பெயரைக் கொடுக்கிறார். தோட்டத்தின் வாக்கு, வியாபாரியின் உறுப்பினர். இதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை. முழுவதும் சட்டப்படி, பற்றுச்சீட்டோடு நடக்கிறது.

பெண்களுக்கான 25 வீத ஒதுக்கீடும் இதே ஓட்டையால் வெளியே போகிறது. அந்த ஒதுக்கீடு பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. அது வருவதற்கு முன் நாட்டின் உள்ளூராட்சி சபைகளில் பெண்கள் 2 வீதம்கூட இல்லை, 2018 தேர்தலோடு 20 வீதத்தைத் தாண்டினார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலானோர் வட்டாரத்தில் வென்று வந்தவர்கள் அல்லர், பட்டியலால் வந்தவர்கள். பட்டியல் யாருடைய கையிலோ அந்த ஆசனங்களும் அவருடைய கையில். தன் பெயருக்குத் தானே காசு கட்ட முடியாத பெண், தேர்தல் முடிந்த பிறகு 'என்னைப் போடுங்கள்' என்று எந்த வாயால் கேட்பாள்? புளூமெண்டல் தோட்டத்துப் பட்டியல் கடைசியில் நிறைந்தது. இடியப்பக்கார அக்காவின் பெயரும் அதில் இருந்தது. எண்ணிக்கைக்காக.

சுயேச்சைகள் சில்லறைகள் என்றும் யாரும் சொல்ல முடியாது. 2025இல் கொழும்பு மாநகர சபையில் கூடிய ஆசனம் எடுத்த கட்சிக்கே 117இல் 48தான். மேயர் தெரிவு இரகசிய வாக்கெடுப்பில் 61க்கு 54 என்று முடிந்தது. அதற்கு முன்னைய வாரங்களில் சுயேச்சை உறுப்பினர்களின் ஆதரவைத் தேடி இரண்டு பக்கமும் அலைந்ததைப் பத்திரிகை வாசிக்கிற எல்லோரும் அறிவார்கள். தலைநகரத்தின் மேயரைத் தீர்மானிக்கும் கைகளில் அவர்களுடைய கையும் ஒன்று. அந்தக் கையை யார் பிடித்திருக்கிறார் என்பது நகரத்துக்கே முக்கியம்.

2023ஐயும் கொஞ்சம் ஞாபகப்படுத்துகிறேன். அந்த வருடம் ஜனவரியில் உள்ளூராட்சித் தேர்தலுக்கு வேட்புமனு ஏற்கப்பட்டது, நாடு முழுவதும் 80,000க்கும் மேற்பட்ட வேட்பாளர்கள். மார்ச் 9ஆம் திகதி நடக்கவிருந்த தேர்தல், பணம் இல்லை என்று திறைசேரி கையை விரித்ததால் நடக்கவில்லை. தேர்தலை நடத்தாமல் விட்டது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்ட்டில் தீர்ப்பளித்தது. பழைய வேட்புமனுக்கள் 2025இல் விசேட சட்டத்தால் இரத்தாகி, அதன் பிறகுதான் கட்டுப்பணம் திரும்பும் வழி பிறந்தது. நாடு வங்குரோத்தாகி, அரிசியும் பால்மாவும் கைக்கெட்டாமல் போன காலத்தில் கட்டிய காசு அது. அதற்கு யார் பொறுப்பு என்பது தீர்ப்பிலேயே இருக்கிறது. நான் கேட்பது, வேட்பாளர் பக்கம் தவறு இல்லாமல் தேர்தல் தள்ளிப்போனால் இத்தனை நாளுக்குள் கட்டுப்பணம் திரும்ப வேண்டும் என்று சட்டத்தில் ஏன் ஒரு வரி இல்லை என்பதை. கட்சிகள் தாங்கிக்கொள்ளும். சீட்டுக் காசில் கட்டியவர் தாங்கமாட்டார்.

கட்டுப்பணம் எங்களுடைய கண்டுபிடிப்பு இல்லை. பிரித்தானியா 1918இல் 150 பவுண் என்று தொடங்கியது, அதன் ஆட்சிக்குள் இருந்த நாடுகள் எல்லாம் அதைப் பார்த்து எழுதிக்கொண்டன. காசை உயர்த்தினால் கூட்டம் குறையும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது, அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. 1996 சட்டசபைத் தேர்தலில் மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 பேர் நின்றார்கள். பெரும்பாலும் விவசாயிகள். தங்கள் குறைகளை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்ற கோபத்தில் ஆளுக்கொரு மனுவைப் போட்டார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டி வந்தது, வாக்களிப்பும் தள்ளிப்போனது. அதே வருடம் இந்தியா சட்டசபைக்கான டெபாசிட்டை 250 ரூபாவிலிருந்து 5,000 ஆக்கியது. மொடக்குறிச்சி திரும்ப நடக்கவில்லை. உண்மை. ஆனால் அதே திருத்தத்தில் அவர்கள் இன்னொன்றும் செய்தார்கள்: சுயேச்சையாக நிற்பவரை அந்தத் தொகுதி வாக்காளர் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும் என்றார்கள். தாழ்த்தப்பட்ட சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் டெபாசிட் பாதி என்ற ஏற்பாடும் அங்கே உண்டு. காசு மட்டுமே தராசு என்று அவர்கள்கூட விட்டுவிடவில்லை.

அமெரிக்காவில் 1974இல் உச்ச நீதிமன்றம் இதைப் பற்றி ஒரு முடிவு சொன்னது. லொஸ் ஏஞ்சலிஸ் மாவட்ட சபைக்கு நிற்க விரும்பிய ஒருவரிடம் 701 டொலர் 60 சதம் கேட்டார்கள், அவரிடம் இல்லை. கட்டணம் வாங்குவதே பிழை என்று நீதிமன்றம் சொல்லவில்லை. கட்ட முடியாதவர் வாக்குச்சீட்டில் ஏற வேறொரு வழியை வைக்காமல் கட்டணத்தை மட்டும் வைப்பது பிழை என்றது. கலிபோர்னியாவில் கட்டணத்துக்குப் பதிலாக வாக்காளர் கையொப்பம் கொடுக்கலாம். அயர்லாந்தில் 2001இல் நீதிமன்றம் பழைய கட்டுப்பணத்தைச் செல்லாது என்று தள்ளிய பிறகு, கட்சி சாராத வேட்பாளர் பாராளுமன்றத்துக்கு 500 யூரோ கட்டலாம், அல்லது தொகுதி வாக்காளர் 30 பேரின் ஒப்புதலைக் கொண்டுவரலாம் என்று மாற்றினார்கள்.

நான் கேட்பதும் இதுதான். காசு கட்ட விரும்புகிறவர் கட்டட்டும். கட்ட முடியாதவர் வட்டாரத்து வாக்காளரின் கையொப்பத்தைக் கொண்டுவரட்டும். வட்டார வேட்பாளர் ஒருவருக்கு 30 பேர் என்று தொடங்கலாம், பட்டியல் வேட்பாளருக்கு வேறொரு எண் வைக்கலாம், எண்ணைப் பற்றி நான் சண்டை பிடிக்கமாட்டேன். டம்மிகளைத் தடுக்கவும் அதுதான் நல்ல வழி. ஜனாதிபதித் தேர்தலுக்கு ஒவ்வொரு மாவட்டத்திலும் இத்தனை வாக்காளர் கையொப்பம் வேண்டும் என்று வைத்துப் பாருங்கள். 31 இலட்சத்தை ஒரே காசோலையில் எழுதிக் கொடுக்கலாம். அம்பாந்தோட்டையிலும் மன்னாரிலும் நுவரெலியாவிலும் ஆட்களைத் தேடிப்பிடித்துக் கையொப்பம் வாங்க, அந்த வேட்பாளரை நம்பும் மனிதர்கள் அங்கங்கே இருந்தாக வேண்டும்.

இதிலும் சிக்கல் இருக்கிறது. கையொப்பத்தையும் விலைக்கு வாங்குவார்கள். ஒரு வாக்காளர் ஒரு பதவிக்கு ஒருவருக்கு மட்டுமே ஒப்பமிடலாம், அடையாள அட்டை இலக்கத்தை வாக்காளர் இடாப்போடு ஒப்பிட வேண்டும், காசு கொடுத்து வாங்கினால் வாக்குக்கு இலஞ்சம் கொடுத்த அதே குற்றம் என்று வைத்தால் ஓரளவு கட்டுப்படுத்தலாம். முழுவதும் முடியாது.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று எங்களிடம் இருக்கிறது, அதை நீங்கள் இராஜகிரியவில் இருந்து யோசித்திருப்பீர்களோ தெரியாது. கொழும்புத் தமிழரிடம் ஒரு கடதாசியை நீட்டி, பெயரையும் விலாசத்தையும் அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதிக் கையொப்பமிடச் சொன்னால், முதலில் வருவது 'இது யாருக்குப் போகும்?' என்ற கேள்விதான். பொலிஸ் பதிவுக்கு வரிசையில் நின்ற காலம் ஒன்று இருந்தது. 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் நூற்றுக்கணக்கானோரை எழுப்பிப் பஸ்ஸில் ஏற்றி வவுனியா பக்கம் அனுப்பினார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்டுத்தான் அது நின்றது. அதைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் இருக்கிறார்கள். கையொப்ப முறை வந்தால் அந்தப் பட்டியலை நீங்கள் மட்டுமே பார்க்க வேண்டும். கிராம உத்தியோகத்தரின் கைக்கோ, எதிர் வேட்பாளரின் கைக்கோ அது போகக்கூடாது, ஆட்சேபனைக் காலமும் வழக்குகளும் முடிந்ததும் அழிக்க வேண்டும், அழித்ததை வர்த்தமானியில் சொல்ல வேண்டும். இந்தப் பாதுகாப்பு இல்லாமல் கையொப்பம் கேட்டால், 5,000 ரூபாவைத் தேடுவதே எங்களுக்குச் சுகம்.

இன்னும் இரண்டு. கட்சிக்கும் சுயேச்சைக்கும் தொகை எதுவானாலும் ஒன்றாக இருக்கட்டும். சுயேச்சைக்குக் கூடத்தான் வேண்டும் என்றால் காரணத்தைச் சட்டமூலத்தோடு எழுத்தில் தாருங்கள், வாசித்துவிட்டு ஏற்பதா என்று பார்க்கிறோம். மற்றது, வேறொரு வேட்பாளருக்காகப் பகிரங்கமாக வாக்குக் கேட்கிறவரின் அரச ஊடக நேரத்தையும் முகவர் அனுமதியையும் நிறுத்தும் அதிகாரத்தைப் பாராளுமன்றத்திடம் கேட்டு வாங்குங்கள். டம்மி வியாபாரத்தில் இலாபம் அங்கேதான் இருக்கிறது.

31ஆம் உறுப்புரை உங்கள் கையில் இல்லை. அது இதன் பிரதி போகும் கொழும்பு மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு. நீங்கள் 18 பேரும் உட்கார்ந்திருக்கும் கதிரையில் ஒருமுறை உட்காராத எவரும் சுயேச்சையாக ஜனாதிபதித் தேர்தலில் நிற்க முடியாது என்பதை நியாயம் என்று நினைக்கிறீர்களா? உங்கள் பதிலை அறிய விருப்பம். தமிழில், சிங்களத்தில், எதில் எழுதினாலும் வாசிப்பேன்.

கடைசியாக ஆணைக்குழுவிடம் ஒரு நடைமுறைக் கோரிக்கை. கட்டுப்பணம் பற்றிய திருத்தம் மறுபடி வரையப்பட்டால், பாராளுமன்றத்துக்குப் போவதற்கு முன் மூன்று மொழிகளிலும் ஒரே நாளில் வெளியிடுங்கள். அபிப்பிராயம் சொல்லக் குறைந்தது ஒரு மாதம் கொடுங்கள், எழுத்தில் தர முடியாதவர்கள் நேரில் வந்து சொல்லவும் ஒரு நாள் வையுங்கள். அந்த நாள் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் நல்லது. எங்கள் தோட்டத்துப் பெண்களுக்கு மற்ற நாட்களில் லீவு கிடைக்காது.

இப்படிக்கு,
கொழும்பு 13 வாக்காளர் ஒருவர்